மெக்னீசியத்தைவிட ஹைட்ரஜன் அதிகமா? மூலக்கூறு எண்ணிக்கை 9 விழுக்காடு கூடுதலாக வருகிறது

தலைகீழ்_பியூரெட்:

வணக்கம். சிங்கப்பூரில் தொடக்கக் கல்லூரி (பல்கலைக்கழகத்துக்கு முந்தைய நிலை) மாணவர்களுக்காக ஒரு செய்முறை தயாராகிறது. நல்லியல்பு வாயுச் சமன்பாட்டை (அழுத்தம் × கன அளவு = மோல் × வாயு மாறிலி × கெல்வின் வெப்பநிலை) வைத்து ஒரு குழாயில் சேர்ந்த ஹைட்ரஜனில் எத்தனை மூலக்கூறுகள் என்று எண்ணுவது, பிறகு அதைப் போட்ட மெக்னீசிய அணுக்களின் எண்ணிக்கையோடு ஒப்பிடுவது. ஒரு மெக்னீசிய அணுவுக்கு ஒரு ஹைட்ரஜன் மூலக்கூறு, அவ்வளவுதான் பாடம்.

அமைப்பு இது: 50 செ.மீ³ பியூரெட்டை (ஒரு முனையில் திருகுள்ள அளவுக்குழாய்) திருகி மூடி, 2 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 10 செ.மீ³ ஊற்றி, அதன்மேல் கலக்காமல் மெதுவாக நீர் நிரப்பி, வாயில் செம்புக் கம்பிக் கூட்டுக்குள் மெக்னீசிய நாடாவை வைத்து, பீக்கர் நீரில் கவிழ்த்தாகிவிட்டது. நாடா 50 செ.மீ. நீளத்துக்கு 0.480 கிராம். அதில் 3.75 செ.மீ. வெட்டியது, ஆக 0.0360 கிராம். சேர்ந்த வாயு 38.9 செ.மீ³ (50 கோட்டுக்கும் திருகுக்கும் இடையே அளவுக்கோடு இல்லாத பகுதியும் இதில் அடக்கம். அதைத் தனியாக அளந்தபோது 4.2 செ.மீ³). அறை 30 டிகிரி, காற்றழுத்தம் 100.9 கிலோபாஸ்கல். குழாய்க்குள் நீர் மட்டம் பீக்கர் மட்டத்தைவிட 14 செ.மீ. உயரத்தில் நிற்கிறது.

தரவுக் கையேட்டில் அறை நிலைக்கு ஒரு மோல் வாயு 24 டெ.மீ³ என்று இருக்கிறது. அதன்படி 38.9-ஐ 24,000-ஆல் வகுத்தால் 1.621 × 10⁻³ மோல், அதாவது 9.76 × 10²⁰ மூலக்கூறுகள். மெக்னீசியமோ 1.481 × 10⁻³ மோல், 8.92 × 10²⁰ அணுக்கள். போட்டதைவிட வந்தது 9.4 விழுக்காடு அதிகம்! நான்கு தடவை செய்தும் 8-க்கும் 10-க்கும் நடுவிலேதான் நிற்கிறது. கசிவு என்றால் குறையத்தானே வேண்டும்? எங்கே தப்பு?


கெல்வின்303:

குழாயில் தப்பில்லை. 24-இல் இருக்கிறது தப்பு.

அந்த எண் 293 கெல்வின், 101325 பாஸ்கல் உள்ள அறைக்கு உரியது. 20 டிகிரி அறை சிங்கப்பூரில் கிடையாது, யாராவது குளிர்சாதனத்தை 20-இல் வைத்துவிட்டு மறந்துபோனால் ஒழிய. கையேட்டில் குறையில்லை, எந்த நிலைக்கு அந்த எண் என்று அங்கேயே எழுதியிருக்கிறது. நாம்தான் அந்த வரியைப் படிக்காமல் தாண்டிவிடுகிறோம். (22.4, 22.7 குழப்பமும் இதே ரகம். பழைய புத்தகங்களில் 0 டிகிரியும் 1 அட்மாஸ்பியரும் என்றால் 22.4. 1982-க்குப் பிறகு திட்ட அழுத்தம் 1 பார் ஆனதால் 22.7.)

உங்கள் எண்களையே வைத்துப் படிப்படியாக இறங்கிப் பார்ப்போம்.

முதல் படி, வெப்பநிலை. 30 டிகிரி என்றால் 303.15 கெல்வின். வாயு மாறிலி 8.3145. இரண்டையும் பெருக்கினால் 2520.5. அதை 100,900 பாஸ்கலால் வகுத்தால் 0.02498 மீ³. ஆக உங்கள் அறையில் ஒரு மோல் வாயு 24.98 டெ.மீ³ இடத்தைப் பிடிக்கும், 24 அல்ல. இந்தத் திருத்தத்தை மட்டும் செய்தால் 9.38 × 10²⁰. மிச்சப் பிழை 5.1 விழுக்காடு.

இரண்டாவது படி, நீராவி. இதுதான் பெரிய திருடன். நீரின்மேல் சேர்ந்த வாயுவில் ஹைட்ரஜன் மட்டும் இல்லை, அந்த வெப்பநிலைக்குத் தெவிட்டிய நீராவியும் கலந்திருக்கிறது. 30 டிகிரியில் அதன் அழுத்தம் 4.25 கிலோபாஸ்கல். 20 டிகிரியில் 2.34-தான். குளிர்நாட்டுப் பாடப்புத்தகம் இதை ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போகலாம், நமக்கு அது கட்டாது. உங்கள் குழாயில் இருப்பதில் 100-க்கு நான்குக்கு மேல் நீர் மூலக்கூறுகள். அவற்றையும் ஹைட்ரஜன் கணக்கில் எழுதிவிட்டீர்கள். 100.9-இலிருந்து 4.25 போக 96.65. இப்போது 8.98 × 10²⁰. மிச்சம் 0.7 விழுக்காடு.

மூன்றாவது படி, நீர்த்தூண். உள்ளே மட்டம் 14 செ.மீ. உயர்ந்து நிற்கிறது என்றால், உள்ளே அழுத்தம் வெளியே இருப்பதைவிட 14 செ.மீ. நீரின் எடை அளவுக்குக் குறைவு. ஒரு செ.மீ. நீருக்கு ஏறக்குறைய 98 பாஸ்கல், ஆக 1.37 கிலோபாஸ்கல். ஹைட்ரஜனின் தனி அழுத்தம் 96.65 − 1.37 = 95.28.

முழுக் கணக்கு: 95,280 × 38.9 × 10⁻⁶ ஐ 2520.5-ஆல் வகுக்க 1.4705 × 10⁻³ மோல். அவகாட்ரோ எண்ணால் (ஒரு மோலில் உள்ள துகள்களின் எண்ணிக்கை, 6.022 × 10²³) பெருக்க 8.86 × 10²⁰. மெக்னீசியத்தைவிட 0.7 விழுக்காடு குறைவு.

மோல் வழியாகவே போக வேண்டும் என்றில்லை. போல்ட்ஸ்மன் மாறிலி 1.380649 × 10⁻²³. அழுத்தத்தையும் கன அளவையும் பெருக்கி, இந்த மாறிலியையும் கெல்வின் வெப்பநிலையையும் பெருக்கி வருவதால் வகுத்தால் நேரே மூலக்கூறு எண்ணிக்கை வந்துவிடும்: 3.706 ÷ (4.185 × 10⁻²¹) = 8.86 × 10²⁰. “எண்ணுவது” என்ற சொல்லுக்கு இந்த வழிதான் பொருத்தம். மாணவர்களிடம் இரண்டையும் செய்யச் சொல்லுங்கள். இரண்டு விடையும் ஒத்துப்போகவில்லை என்றால், பெரும்பாலும் செ.மீ³-ஐ மீ³ ஆக்கும்போது 10⁻⁶-க்குப் பதிலாக 10⁻³ போட்டிருப்பார்கள்.

9.4, 5.1, 0.7, −0.7 என்று இறங்கியதில் ஒன்றைக் கவனியுங்கள். மூன்று பிழையும் ஒரே பக்கம் தள்ளுகின்றன. அதனால்தான் நான்கு தடவை செய்தும் ஒரே மாதிரி வந்தது. திரும்பத் திரும்பச் செய்து சராசரி எடுப்பதால் இந்த வகைப் பிழை போகாது.

கடைசி 0.7-ஐத் துரத்த வேண்டாம். 3.75 செ.மீ. வெட்டுவதில் அரை மில்லிமீட்டர் பிசகினாலே 1.3 விழுக்காடு. நீளத்தை இன்னும் நுட்பமாக்க ஒரு வழி: சரியாக 15 செ.மீ. வெட்டி, இரண்டாக மடித்து, மறுபடி இரண்டாக மடித்து, மடிப்பில் வெட்டுங்கள். நான்கு துண்டும் நான்கு குழுவுக்கு. துண்டுக்குத் துண்டு கொஞ்சம் மாறினாலும் நான்கின் சராசரி நிற்கும். வெட்டுமுன் நாடாவை உப்புத்தாளால் பளபளப்பு வரும்வரை தேயுங்கள், எடை பார்ப்பதும் தேய்த்த பிறகுதான். மேலே படிந்த ஆக்சைடு தராசில் எடை காட்டும், ஹைட்ரஜன் தராது.

வெப்பமானியை எங்கே வைத்தீர்கள் என்று எழுதவில்லை. சுவரில் மாட்டியிருந்தால் பயனில்லை, பியூரெட்டின் வாயுப் பகுதியோடு ஒட்டிக் கட்டுங்கள். குளிர்சாதன அறையில் காற்று 25, குழாய் நீர் 29 என்று இருப்பது சாதாரணம். உலர்ந்த வாயு என்றால் ஒரு டிகிரி தப்புக்கு 0.33 விழுக்காடுதான் பிழை. ஈர வாயுவில் வெப்பநிலையோடு நீராவி அழுத்தமும் சேர்ந்து மாறுவதால் டிகிரிக்கு 0.55 விழுக்காடு. உண்மையில் 25-ஆக இருக்கும் வாயுவை 30 என்று எழுதினால் 2.8 விழுக்காடு போய்விடும். வினை வெப்பம் வெளியிடுவது, ஆகவே கடைசிக் குமிழ் நின்று பத்து நிமிடம் கழித்தே அளவைப் படியுங்கள்.


தலைகீழ்_பியூரெட்:

மிக்க நன்றி அண்ணா. பீக்கருக்குப் பதில் ஆழமான அளவுச் சாடியில் கவிழ்த்து, பியூரெட்டை இறக்கி உள் மட்டத்தையும் வெளி மட்டத்தையும் ஒன்றாக்கினால் மூன்றாவது படியே வேண்டாம் அல்லவா?

இன்னும் இரண்டு கேள்வி. காற்றழுத்தம் வானிலைச் செயலியில் பார்த்தது. 12-வது மாடியில் இருக்கும் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக்கு அதே எண் சரியா? இரண்டாவது, அமிலம் இல்லாமல் மாணவர்கள் வீட்டிலேயே செய்ய, சமையல் சோடாவும் வினிகரும் வைத்துக் கரியமில வாயுவை இதே மாதிரி நீரின்மேல் பிடிக்கலாமா? லைட்டர் வாயுவையும் யோசித்தேன்.


சோடா_உப்பு:

மட்டத்தை ஒன்றாக்குவது நல்ல வழி. சாடி 40 செ.மீ. ஆழமாவது இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பியூரெட் தரை தட்டும்.

அழுத்தம்: செயலி காட்டுவது கடல் மட்டத்துக்குத் திருத்திய எண். மேலே போகப்போக மீட்டருக்கு 11 பாஸ்கல் சொச்சம் குறையும். 12-வது மாடி தரையிலிருந்து ஏறத்தாழ 31 மீட்டர் என்றால் 0.35 கிலோபாஸ்கல். 30-வது மாடி என்றால் 0.9-ஐத் தொடும். காற்றழுத்தமானி உணரி உள்ள கைபேசி நீங்கள் நிற்கும் இடத்து அழுத்தத்தையே நேராகக் காட்டும், அதை எடுத்துக்கொள்ளுங்கள். நம் வட்டாரத்தில் அழுத்தம் நாளுக்கு இரண்டு முறை ஏறி இறங்கும், காலை பத்து பதினொரு மணிக்கு உச்சம், மாலை நான்கு ஐந்துக்கு அடி. இடைவெளி 0.3 அல்லது 0.4 கிலோபாஸ்கல். எல்லாம் சேர்ந்தும் ஒரு விழுக்காட்டைத் தாண்டாது. மாடியைப் பற்றிக் கவலைப்படும் நேரத்தில் இன்னொரு நல்ல வெப்பமானி வாங்கலாம்.

கரியமில வாயுவை நீரின்மேல் பிடிக்காதீர்கள். 30 டிகிரியில் ஒரு லிட்டர் நீர் ஏறக்குறைய 0.03 மோல் கரியமில வாயுவைக் குடித்துவிடும், அதாவது முக்கால் லிட்டர் வாயு. ஹைட்ரஜனைவிட நாற்பது மடங்கு. பியூரெட்டில் ஏறும் குமிழ் மேலே போகப்போகச் சிறுத்துக்கொண்டே வருவதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

அதற்கு 60 மி.லி. சிரிஞ்சும், தக்கை போட்ட சின்னக் குடுவையும் போதும். அளவுகள்:

சமையல் சோடா 0.10 கிராம். இது 1.19 × 10⁻³ மோல், 7.17 × 10²⁰ கரியமில வாயு மூலக்கூறுகள் தர வேண்டும். கடை வினிகர் 5 மி.லி. இதில் அமிலம் மூன்று மடங்குக்கு மேல் இருக்கிறது. 30 டிகிரி, 100.9 கிலோபாஸ்கல் அறையில் நீராவியோடு சேர்த்து 31 செ.மீ³ வர வேண்டும்.

ஆனால் அப்படியே செய்தால் 26, 27-தான் வரும். அந்த 5 மி.லி. வினிகரே 1.4 × 10⁻⁴ மோலைக் கரைத்துக்கொள்கிறது, 12 விழுக்காடு அங்கேயே போயிற்று. அசைக்காமல் வைத்தால் இன்னும் மோசம், கரைசல் தெவிட்டு நிலையையும் தாண்டி வாயுவைப் பிடித்து வைத்திருக்கும். மருந்து எளிது: வினிகரில் முன்கூட்டியே ஒரு சிட்டிகை சோடா போட்டு நுரை முழுதும் அடங்க விடுங்கள். அது கரியமில வாயுவால் நிறைந்துவிடும், அதற்குமேல் வருவதெல்லாம் சிரிஞ்சுக்குள் போகும். அளந்த சோடாவை ஒரு துண்டு டிஷ்யூ தாளில் பொட்டலமாகக் கட்டி, குடுவையின் கழுத்தில் ஒட்டி, மூடிய பிறகு சாய்த்து விழவிடுங்கள். திறந்த குடுவையில் போட்டுவிட்டு அவசரமாகத் தக்கையை மூடும் முறையில் முதல் இரண்டு வினாடி வாயு வெளியே போய்விடும்.

குடுவைக்குள் ஏற்கெனவே இருக்கும் காற்றைத் துரத்த வேண்டாம். சமன்பாட்டுக்கு எந்த வாயு என்பது பொருட்டல்ல, எத்தனை மூலக்கூறு என்பது மட்டுமே. கூடின கன அளவை எடுத்துக்கொண்டால் போதும். ஒன்றே ஒன்று, 100 செ.மீ³ குடுவைக் காற்றின் ஈரப்பதம் 60 விழுக்காடாக இருந்தால், வினிகர் ஊற்றியதும் அது 100-ஐ நோக்கி ஏறும்போதே 1.8 செ.மீ³ பொய் வாயு சேரும். ஆகவே வினிகரை ஊற்றி மூடி, இரண்டு நிமிடம் விட்டு, பிறகு சிரிஞ்சைச் சுழியத்தில் வைத்துத் தொடங்குங்கள்.

பிளாஸ்டிக் சிரிஞ்சின் பெரிய வியாதி, உந்துதண்டு ஒட்டிக்கொள்வது. உள்விட்டம் 27 மி.மீ. என்றால் பரப்பு 5.7 செ.மீ². தண்டை நகர்த்த அரைக் கிலோ எடை அளவு விசை, 5 நியூட்டன், தேவைப்பட்டால் உள்ளே அழுத்தம் வெளியைவிடக் கிட்டத்தட்ட 9 கிலோபாஸ்கல் கூடியிருக்கும். ஒன்பது விழுக்காடு பிழை! படிக்குமுன் தண்டைச் சுழற்றுங்கள், பிறகு 2 செ.மீ³ வெளியே இழுத்து விட்டு எங்கே நிற்கிறது என்று குறியுங்கள், 2 செ.மீ³ உள்ளே தள்ளி விட்டு மறுபடி குறியுங்கள். உண்மை இரண்டுக்கும் நடுவில். ரப்பர் முனையில் சிலிக்கோன் எண்ணெய் ஒரு சொட்டு தடவினால் இடைவெளி சுருங்கும்.

லைட்டர் வாயு நீரில் அவ்வளவாகக் கரையாது, நீரின்மேல் பிடிக்கலாம். ஆனால் பியூட்டேன் நல்லியல்பாக நடந்துகொள்ளாது. அறை நிலையில் மூலக்கூறுகள் ஒன்றையொன்று இழுப்பதால் 3 விழுக்காடு குறைவான இடத்தில் அடங்கிவிடும். கன அளவை வைத்து எண்ணினால் விடை 3 விழுக்காடு குறையும். இதே கணக்கில் கரியமில வாயு அரை விழுக்காடு, ஹைட்ரஜன் நூற்றில் ஒரு பங்கின் பத்தில் ஒன்றுகூட இல்லை. முதல் செய்முறைக்கு ஹைட்ரஜனே உத்தமம். வீட்டில் லைட்டரை நோண்ட மாணவர்களை விட வேண்டாம், அது வேறு கதை.


கோப்பிக்கடை_கணக்கன்:

நடுவில் ஒரு சந்தேகம். சோடா போடும் இயந்திரத்தின் கரியமில வாயு உருளையில் எத்தனை மூலக்கூறு என்று இதே சமன்பாட்டில் கண்டுபிடிக்கலாமா? அழுத்தமானி மாட்டினால் போதுமா?


சோடா_உப்பு:

போதாது. உள்ளே இருப்பதில் பெரும்பகுதி திரவம். 0.6 லிட்டர் உருளையில் 425 கிராம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது 9.66 மோல், 5.8 × 10²⁴ மூலக்கூறுகள். 25 டிகிரியில் மானி 64 பார் காட்டும். அதைச் சமன்பாட்டில் போட்டால் 1.55 மோல்தான் வரும், ஆறில் ஒரு பங்கு. பாதி தீர்ந்த பிறகும் திரவம் மிச்சமிருக்கும்வரை மானி அதே 64-தான் காட்டும்.

இதில் வேடிக்கை என்னவென்றால் கரியமில வாயுவின் மாறுநிலை வெப்பநிலை 31 டிகிரி. நம்மூர் மத்தியான வெயில் அந்தக் கோட்டின்மேலேயே உட்கார்ந்திருக்கிறது. காலையில் திரவமும் ஆவியுமாக இருந்த உருளை, பிற்பகலில் இரண்டுக்கும் வேறுபாடே இல்லாத நிலைக்குப் போய்விடலாம். இந்த இடத்தில் நல்லியல்பு விதி கிட்டவே வராது. சமையலறைத் தராசில் எடை பாருங்கள், வெற்று உருளையின் எடையைக் கழியுங்கள், 44.01-ஆல் வகுங்கள். முடிந்தது.


ஓம்_விதி:

மேலே எல்லாரும் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் “எண்ணினோம்” என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

ஹைட்ரஜன் பக்கத்தில் மோலை அவகாட்ரோ எண்ணால் பெருக்கினீர்கள். மெக்னீசியம் பக்கத்திலும் அதே எண்ணால் பெருக்கினீர்கள். பிறகு இரண்டையும் ஒப்பிட்டீர்கள். 6.022-க்குப் பதில் 5 என்று போட்டிருந்தாலும் ஒப்பீடு அப்படியேதான் இருக்கும், அது இரு பக்கமும் அடிபட்டுப் போகிறது. போல்ட்ஸ்மன் மாறிலி வழியும் தப்பிக்காது, வாயு மாறிலியை அவகாட்ரோ எண்ணால் வகுத்ததுதான் அது. உங்கள் செய்முறை காட்டுவது ஒன்றுக்கு ஒன்று என்ற விகிதம். நல்ல பாடம்தான், ஆனால் எண்ணிக்கை அல்ல.

உண்மையாகவே எண்ண வேண்டுமா? எலக்ட்ரானை எண்ணுங்கள். நீரை மின்னாற்பகுத்தால் இரண்டு எலக்ட்ரானுக்கு ஒரு ஹைட்ரஜன் மூலக்கூறு. ஒரு எலக்ட்ரானின் மின்னூட்டம் 1.602 × 10⁻¹⁹ கூலும். 0.200 ஆம்பியர், 20 நிமிடம், ஆக 240 கூலும். அதை 2-ஆலும் எலக்ட்ரான் மின்னூட்டத்தாலும் வகுத்தால் 7.49 × 10²⁰ மூலக்கூறுகள். இதில் அவகாட்ரோ எண் எங்கும் வரவில்லை. மறுபக்கம் அதே ஹைட்ரஜனின் அழுத்தம், கன அளவு, வெப்பநிலையிலிருந்து மோல் வரும். முன்னதைப் பின்னதால் வகுத்தால் அவகாட்ரோ எண் உங்கள் மேசையிலேயே பிறக்கும். மில்லிகன் எண்ணெய்த் துளி வைத்து எலக்ட்ரானின் மின்னூட்டத்தை அளந்து 1913-இல் வெளியிட்டபோது அவகாட்ரோ எண்ணும் கூடவே துல்லியமானது இந்தத் தொடர்பால்தான். 2019 மே 20 முதல் இந்த மாறிலிகள் எல்லாம் வரையறையாலேயே நிலைநிறுத்தப்பட்டுவிட்டன, ஆகவே இன்று நீங்கள் அளப்பது இயற்கையை அல்ல, உங்கள் கருவியை. மாணவர்களுக்கு அதுவும் நல்லதுதான்.

செய்யும்போது சறுக்கும் இடங்கள்:

மல்டிமீட்டர். மில்லிஆம்பியர் துளையில் பல மலிவு மீட்டர்களுக்கு 200 மில்லிஆம்பியர் ஃபியூஸ். அங்கே 0.200 ஓடவிட்டால் நடுவில் போய்விடலாம். பயந்து 10 ஆம்பியர் துளைக்கு மாற்றினால் அது 0.01 வரைதான் காட்டும், 0.20-இல் அது 5 விழுக்காடு. இரண்டையும் விடுங்கள். 1 விழுக்காடு துல்லியமுள்ள 1 ஓம் ரெசிஸ்டரைத் தொடரில் போட்டு, அதன் குறுக்கே மில்லிவோல்ட் பாருங்கள். 200.0 என்றால் 0.200 ஆம்பியர். மின்னோட்டம் நிலையாக நிற்காவிட்டால் நிமிடத்துக்கு ஒருமுறை குறித்துக் கூட்டுங்கள்.

மின்பகுளி. அரை மோலார் சோடியம் சல்ஃபேட் அல்லது அரை மோலார் கந்தக அமிலம். சமையல் உப்பு வேண்டவே வேண்டாம், நேர்மின்வாயில் குளோரின் வரும்.

எதை எண்ணுவது. ஹைட்ரஜன் பக்கத்தை மட்டும். ஆக்ஸிஜன் பக்கம் கணக்குக்கு உதவாது: கரிக்கோல் மின்வாய் என்றால் அது கொஞ்சம் கொஞ்சமாக எரிந்து கரியமில வாயுவாகும், எஃகு என்றால் அரிக்கும், ஆக்ஸிஜன் நீரில் ஹைட்ரஜனைவிட அதிகமும் கரையும். பாடத்தில் சொல்லும் இரண்டுக்கு ஒன்று விகிதம் 2.1, 2.2 என்று வருவதற்கு இதெல்லாம்தான் காரணம்.

தொடங்குமுன் திருகுகளைத் திறந்து வைத்து ஐந்து நிமிடம் ஓடவிடுங்கள். சுற்றியுள்ள நீர் ஹைட்ரஜனால் நிறையட்டும். (மெக்னீசியக் கணக்கில் மிஞ்சிய 0.7 விழுக்காட்டுக்கும் இது ஒரு காரணமாக இருக்கலாம். பியூரெட்டில் இருந்த 15 செ.மீ³ நீர் முழுதும் நிறைந்தால் 1.1 × 10⁻⁵ மோல் கரையும், அது 0.7 விழுக்காடுதான்.) பிறகு நிறுத்தி, திருகை மூடி, நேரத்தைத் தொடங்குங்கள்.

30 டிகிரியில் 240 கூலுமுக்கு 32.4 செ.மீ³ வர வேண்டும், நீராவி உட்பட.


தலைகீழ்_பியூரெட்:

அடிபட்டுப் போவது இத்தனை நாள் கண்ணில் படவே இல்லை. ஹாஃப்மன் கருவி (இரு பக்கக் குழாய்களில் வாயுக்களைப் பிடித்து, நடுக் குழாய் திறந்திருக்கும் மின்னாற்பகுப்புக் கருவி) ஒன்று இருக்கிறது. 240 கூலும் ஓடவிட்டால் 32.4 இல்லை, 31.5-தான். நீராவியைக் கழித்துச் செய்தால் அவகாட்ரோ எண் 6.20 × 10²³ என்று வருகிறது. கசிவா?


கெல்வின்303:

நடுக் குழாயில் திரவம் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது?


தலைகீழ்_பியூரெட்:

ஹைட்ரஜன் பக்க மட்டத்தைவிட 30 செ.மீ. மேலே.


கெல்வின்303:

கசிவு இல்லை. பியூரெட்டில் உள் மட்டம் உயர்ந்து நின்றது, வாயு அழுத்தம் வெளியைவிடக் குறைவு. ஹாஃப்மனில் தலைகீழ்: வாயு திரவத்தை நடுக் குழாய்க்குள் தள்ளிவிடுகிறது, வாயுவின்மேல் 30 செ.மீ. திரவம் அழுத்துகிறது. இந்தத் தடவை கூட்ட வேண்டும். நீர்த்த கந்தக அமிலத்தின் அடர்த்தி 1.03 என்று எடுத்தால் 3.03 கிலோபாஸ்கல். 96.65-உடன் சேர்த்து 99.68. 31.5 செ.மீ³ அப்போது 1.246 × 10⁻³ மோல். 7.49 × 10²⁰-ஐ அதனால் வகுத்தால் 6.01 × 10²³.


ஓம்_விதி:

ஆமாம், நான் சொன்ன 32.4 மட்டம் சமமாக இருந்தால் மட்டுமே. அதை எழுதாமல் விட்டது என் தப்பு. கூட்டிக் கழிக்க விருப்பமில்லை என்றால், மின்னோட்டத்தை நிறுத்திய பிறகு நீண்ட மெல்லிய குழாய் மாட்டிய சிரிஞ்சை நடுக் குழாய்க்குள் விட்டு, அங்கே உள்ள மட்டம் ஹைட்ரஜன் மட்டத்துக்குச் சமமாகும்வரை திரவத்தை உறிஞ்சி எடுங்கள். அமிலம் என்றால் கையுறை, கண்ணாடி. திரவம் குறையக் குறைய வாயு விரிந்து ஹைட்ரஜன் மட்டமும் கீழே நகரும், அதனால் கடைசி இரண்டு செ.மீ. மெதுவாக. சமமானதும் அளவைப் படித்தால் 31.5 இருந்த இடத்தில் 32.5 நிற்கும்.